பகலில் எதுக்கு ஸார் ட்யூப்லைட்?

நம் ஊரில் ஒரு விசித்திரம் உண்டு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். தெருநாய்கூட நிறுத்தியிருக்கும் காருக்கு அடியில் நிழல் பார்த்துப் படுத்திருக்கும். அப்படிப்பட்ட மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யார் வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள். உள்ளேயிருந்து வருகிற முதல் குரல்: “இருங்க, லைட்டைப் போடறேன்!”

வெளியே ஊருக்கே இலவசமாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது, ஃப்யூஸ் போகாது, பவர் கட் கிடையாது. அதை உள்ளே வரவிடாமல் நாலு பக்கமும் சுவர் வைத்து, தடியாக ஒரு திரை மாட்டி, அதற்கு அப்புறம் ஸ்விட்சைத் தட்டுகிறோம். இருட்டுக்கு இருபது வருஷம் இ.எம்.ஐ. வேறு!

நான் பி.காம். கட்டடக் கலைக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் வீட்டுக் கடன்தான். ஆனால் கடன் வாங்குகிறவனுக்கு ஒரு சௌகரியம். கேள்வி கேட்கும் உரிமை தானாக வந்துவிடும். அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆபீஸ் லோன், பி.எஃப். அட்வான்ஸ், மனைவி வளையல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ‘அரை கிரவுண்டாவது வாங்கிப் போடணும்’ என்று அலைகிற நண்பர்களுக்கு உபயோகப்படும்.

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு அமைந்தது 30-க்கு 40 மனை. மேற்குப் பார்த்தது. விதிப்படி சுற்றிலும் விட வேண்டிய இடம் போக, வீட்டுக்கென்று மிஞ்சியது சுமார் 22 அடிக்கு 32 அடி. ஒரு கான்ட்ராக்டர் வந்தார். பத்தே நிமிஷத்தில் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் படம் வரைந்தார். நடுவில் ஹால். அதைச் சுற்றி இரண்டு பெட்ரூம், ஒரு சின்ன ரூம், சமையல்கட்டு, பாத்ரூம். எல்லாம் கச்சிதம்.

“ஹாலுக்கு வெளிச்சம் எங்கேர்ந்து வரும்?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஃபால்ஸ் சீலிங் போட்டு நாப்பது எல்.இ.டி. போட்டுடலாம் ஸார். பகல் மாதிரி இருக்கும்!”

பகலையே வைத்துக்கொள்ளாமல், பகல் மாதிரி இருப்பதற்கு எதற்கு நாற்பது பல்பு? என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

சூரியனோடு ஒரு அக்ரிமென்ட்

வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்க்கிறோம், ராசி பார்க்கிறோம், பக்கத்து வீட்டுக்காரரின் ஜாதகத்தைக்கூட விசாரிக்கிறோம். சூரியன் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. ‘கிழக்கே உதிச்சு மேற்கே மறையுது, இதிலே பார்க்க என்ன இருக்கு?’ என்பீர்கள். இருக்கிறது.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். செங்குத்தாக ஒரு குச்சி நட்டால் நிழலே விழாது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, மே, ஜூன், ஜூலையில், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாசங்களில் தெற்கே. டிசம்பர் கடைசியில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். தரையிலிருந்து பார்த்தால் 54 டிகிரி உயரம்தான்.

இதனால் வீட்டுக்கு என்ன? சொல்கிறேன்.

தெற்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் மத்தியான வெயில் உயரத்திலிருந்து வருகிறது. ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு இருந்தால் போதும், பெரும்பாலான வெயில் அதோடு நின்றுவிடும். வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். ஆகவே இந்த இரண்டு பக்கமும் தாராளமாக ஜன்னல் வைக்கலாம்.

கிழக்கும் மேற்கும் வேறு கதை. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ இருப்பதால் சன்ஷேடுக்கு அடியில் குனிந்து நேராக ஹாலுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். காலை வெயிலாவது பரவாயில்லை, காற்று சூடாகும் முன்பு வருகிறது. மேற்கு வெயில் இருக்கிறதே, அது பகல் பூராவும் கொதித்த காற்றோடு சேர்ந்து வரும் வில்லன். மேற்குச் சுவர் அந்த உஷ்ணத்தைச் சாயங்காலம் வரை குடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி நீங்கள் படுத்த பிறகு வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். மேற்குப் பக்கம் பெட்ரூம் வைத்தவர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் பாயோடு திரிவதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் மனை வாசலே மேற்கு. என்ன செய்ய? உஷ்ணத்தைத் தாங்கிக்கொள்ளக் கூடியவர்களை அங்கே காவலுக்கு நிறுத்தினோம். மாடிப்படி, பாத்ரூம், ஒரு தாழ்வாரம், அதில் ஒரு திண்ணை. படுக்கிற அறைகள் இரண்டும் பின்னாலே, வடகிழக்கிலும் கிழக்கிலும். சமையல்கட்டு தென்கிழக்கு. வாஸ்துக்காரர் வந்து பார்த்து, “அக்னி மூலை, பேஷ்!” என்றார். அவர் அக்னிக்காகச் சொன்னார், நான் காலை வெளிச்சத்துக்காக வைத்தேன். இரண்டு பேருக்கும் சந்தோஷம். சண்டை மிச்சம்.

ஜன்னல் எவ்வளவு பெரிசு இருக்க வேண்டும்? நேஷனல் பில்டிங் கோட் என்று தலையணை சைஸில் ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. கடற்கரை மாதிரி ஈரமும் உஷ்ணமும் சேர்ந்த இடங்களில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது அது. 10-க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20. அதாவது 5-க்கு 4 ஜன்னல். உங்கள் வீட்டு ஜன்னலை ஒரு தடவை டேப் வைத்து அளந்து பாருங்கள். மனசு கஷ்டப்பட்டால் நான் பொறுப்பில்லை.

இன்னொரு சின்ன சூத்திரம். ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்தான் வெளிச்சம் உள்ளே உருப்படியாகப் போகும். ஏழடி உயரம் என்றால் 14-லிருந்து 17 அடி. எங்கள் வீடு 32 அடி ஆழம். இரண்டு பக்கமும் எதிர் வீட்டுச் சுவர் முறைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் இருக்கிற ஹாலுக்கு முன்னாலிருந்தும் வெளிச்சம் வராது, பின்னாலிருந்தும் வராது. வேறு எங்கிருந்துதான் வரும்?

மேலேயிருந்து!

பாட்டனுக்குத் தெரிந்த கணக்கு

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி இருக்கும். பக்கவாட்டில் ஒரு ஜன்னல்கூட வைக்க முடியாது. நம்முடைய அரை கிரவுண்டு சங்கடம்தான் அவர்களுக்கும். அவர்கள் ஃபால்ஸ் சீலிங் போடவில்லை. வீட்டு நடுவில் கூரையை வெட்டி முற்றம் வைத்தார்கள். ரேழி இருட்டாக இருக்கும். அதைத் தாண்டினால் கூடம் ஜொலிக்கும்.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனால் இதே விஷயம் பெரிய சைஸில். முகப்பு தாண்டி வளவு, நடுவே வானம் பார்த்த முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு. கேரளத்தில் நாலுகெட்டு என்றாலே நாலு கட்டும் நடு முற்றத்தைச் சுற்றி நிற்பதுதான். வெளிச்சம் வரும். சூடான காற்று மேலே எழும்பி வெளியே போகும். அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கமிருந்தும் கொல்லைப் பக்கமிருந்தும் காற்று உள்ளே வரும். மின்விசிறி கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே இயங்கிக்கொண்டிருந்த மின்சாரம் இல்லாத விசிறி அது.

‘அதெல்லாம் அந்தக் காலம், கிராமம்’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கொழும்புக்காரரை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் ஜெஃப்ரி பாவா. பிறந்தது 1919. முதலில் படித்தது சட்டம். வக்கீல் தொழில் பிடிக்கவில்லை. 1948-ல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்க என்ற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைச் சீர்படுத்தப் போய் கட்டடப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. லண்டன் போய்ப் படித்து, 1957-ல், 38-வது வயதில்தான் ஆர்க்கிடெக்ட் ஆனார். (முப்பத்தைந்து தாண்டிவிட்டதே, இனிமேல் என்ன என்று ஆபீஸ் கேன்டீனில் புலம்புகிற நண்பர்கள் கவனிக்க!)

அவர் கொழும்பில் 1960-களின் ஆரம்பத்தில் பாட்டிக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். நகரத்துக்குள்ளே சின்ன மனை. சுற்றிலும் மதில். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போனால் நடுவில் பெரிய முற்றம், மரம், சுற்றிலும் தாழ்வாரங்கள். ஜன்னலெல்லாம் தெருவைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்க்கும். பல வருஷம் கழித்து அந்த நிலம் கைமாறியபோது, வீட்டை இடித்துத் தள்ள மனசு வராமல், 2009-ல் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து லுனுகங்கவுக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளுங்கள்.

அதைவிட நமக்குப் பாடம் பாவாவின் சொந்த வீடுதான். கொழும்பில் ஒரு சந்தில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக இணைத்தார். இருட்டுச் சந்து மாதிரி ஆகியிருக்க வேண்டிய வீடு. அவர் அங்கங்கே கூரையை எடுத்துவிட்டு, கையகல முற்றங்களை வைத்தார். ஒன்றில் ஒரு செடி, இன்னொன்றில் ஒரு தொட்டித் தண்ணீர். நடந்து போகும்போது இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று மாறி மாறி வரும். இலங்கை வரை போக வசதிப்படாதவர்கள் மதுரைக்குப் போகலாம். கோச்சடையில் 1970-களில் மதுரை கிளப்புக்காக அவர் வடிவமைத்த கட்டடம் இருக்கிறது. கல்லும் மரத்தடி நிழலும் எப்படிக் கைகோத்துக்கொள்ளும் என்று அங்கே தெரியும்.

பக்கத்து மாநிலத்தில் இன்னொரு மகானுபாவர், லாரி பேக்கர். பிரிட்டனில் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலையாகத் தங்கிவிட்டவர். 1990-ல் பத்மஸ்ரீ, 2007-ல் காலமானார். ‘மிச்சம் பிடிக்காத வீடு வீடே இல்லை’ என்கிற கட்சி. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் எழுப்புவார். ஜன்னலுக்கு மரம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம், கிரில் வேண்டாம். வெளிச்சமும் காற்றும் பொடிப்பொடியாக வடிகட்டி உள்ளே வரும். எலிப்பொறிக் கட்டு என்று ஒன்றைப் பரப்பினார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டுவது. சுவருக்குள்ளே காலி இடம் கிடைக்கும். செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம். அந்தக் காலி இடம் வெயிலின் உஷ்ணம் உள்ளே வருவதையும் தடுக்கும். எங்கள் மேற்குப் பக்க மாடிப்படிக்கு ஜாலிச் சுவர் வைத்தது பேக்கர் புண்ணியத்தில்தான். கொத்தனார் முதலில், “என்ன தம்பி, சுவரைப் பாதியிலே விட்டுட்டீங்கன்னு என்னைத்தானே சொல்வாங்க?” என்று பயந்தார். கட்டி முடித்த பிறகு அவரே தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சின்ன ரூமா, முற்றமா?

இனிமேல்தான் குருக்ஷேத்திரம்.

22-க்கு 32 வீட்டில் 8-க்கு 8 முற்றம் வைத்தால் 64 சதுர அடி போய்விடும். அது சரியாக கான்ட்ராக்டர் வரைந்த அந்தச் சின்ன ரூமின் அளவு. அந்த ரூம் யாருக்கு? என் தங்கைக்கு. கல்யாணமாகிக் கோயமுத்தூரில் இருக்கிறாள். அவள் வந்தால் தங்க ஒரு அறை வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வீட்டில் பாதிப் பணம் அவருடைய ரிடையர்மென்ட் பணம். ஆசைப்பட அவருக்கு உரிமை உண்டு.

“வீட்டுக்கு நடுவுல வானத்தை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போறே? பொண்ணு பிரசவத்துக்கு வந்தா எங்கே படுப்பா?” என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. ‘காற்றோட்டம்’, ‘பாவா’ என்று சொன்னதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. என் மனைவி என் கட்சிதான். ஆனாலும் மாமனார் எதிரே வாய் திறக்காமல் எனக்குக் கண்ணால் மட்டும் ஓட்டுப் போட்டாள். இரண்டு வாரம் வீட்டில் இந்தப் பேச்சே ஓடியது. தங்கையே ஃபோன் பண்ணி, “அண்ணா, எனக்காக ரூம் வேண்டாம்” என்று சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டு, “அவ அப்படித்தான் சொல்லுவா” என்றுவிட்டார்.

அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. அம்மா இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியது ஒரு நடு போர்ஷனில். சமையல்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. காலையா சாயங்காலமா என்று கடிகாரம் பார்த்துத்தான் தெரிய வேண்டும். மழை வந்தது, கொடியில் காய்கிற துணி நனைந்த பிறகுதான் தெரியும். அரிசியில் கல் பொறுக்க முறத்தை எடுத்துக்கொண்டு தெரு வாசற்படிக்குப் போவாள். ‘என்ன மாமி, வேடிக்கை பார்க்கிறீங்களா?’ என்று போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். வேடிக்கை இல்லை, வெளிச்சம். இப்போது கண்ணில் புரை வேறு ஆரம்பம். வயதாக ஆக ஒரே எழுத்தைப் படிக்க இளவயசுக்காரர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் தேவைப்படும் என்பது கண் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஒருநாள் ராத்திரி சாப்பாடு பரிமாறிக்கொண்டே அம்மா சொன்னாள்: “பொண்ணு வருஷத்துல பத்து நாள் வருவா. மீதி முன்னூத்தி அம்பத்தஞ்சு நாளும் இந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கப் போறது நான். எனக்கு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அப்பா மோருக்காகக் காத்திருந்த கையை அப்படியே வைத்திருந்தார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மறுநாள் காலை பேப்பர் படித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “முற்றத்துக்கு மேலே கிரில் நல்ல கெட்டியாப் போடச் சொல்லு. திருடன் இறங்கிடப் போறான்” என்றார். ஸாங்ஷன் ஆர்டர் கையெழுத்தானது.

தங்கை பிரசவத்துக்கு வந்தாள். அவளுக்கு எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் ஹாலில், முற்றத்தை ஒட்டி, படுத்தோம். அவள் ஊருக்குத் திரும்பிய பிறகும் நாங்கள் பல நாள் அங்கேயேதான் படுத்தோம். காரணம் காற்று.

பி.காம். கணக்கு

கணக்குப் பார்க்காமல் விட்டால் என் பட்டத்துக்கு அவமானம். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 64 சதுர அடி இடத்தின் மதிப்பு 1,60,000 ரூபாய். முற்றத்தால் எவ்வளவு கரண்ட் மிச்சம்? பகலில் பத்து மணி நேரம் நாலு 20 வாட் விளக்கு எரியவில்லை என்றால் ஒரு நாளைக்கு 0.8 யூனிட். வருஷத்துக்கு 292. யூனிட் ஆறு ரூபாய் என்று போட்டாலும் 1,752 ரூபாய். ஆக, போட்ட முதல் திரும்பி வர 91 வருஷம் ஆகும்!

நண்பன் ஒருவன் ஆடிட்டர். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தான். சிரிக்கட்டும். கரண்ட் பில்லைக் குறைக்கத்தான் முற்றம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேறு இடத்தில் லாபம் தருகிற சரக்கு. கம்பெனி பாலன்ஸ் ஷீட்டில் ‘குட்வில்’ என்று ஒன்று போடுவார்களே, கண்ணுக்குத் தெரியாத சொத்து. அது மாதிரி. வயசானவர்கள் பகலில் தடுக்கி விழாமல் நடப்பதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது?

பணமாகவே லாபம் வேண்டுமென்றால் மாடியைப் பாருங்கள். கான்க்ரீட் தளம் பகலெல்லாம் காய்ந்து ராத்திரி உள்ளே உஷ்ணத்தை இறக்குகிறது. அதனால்தான் மின்விசிறி வெந்நீர்க் காற்றாக வீசுகிறது. தளத்துக்கு மேலே வெள்ளை ஓடு பதியுங்கள். முடியாவிட்டால் கோடைக்கு முன்னால் சுண்ணாம்பாவது அடியுங்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஏ.ஸி.யின் பாடு குறையும். மிச்சம் அங்கேதான்.

முற்றம் வைக்கிறவர்கள் கவனத்துக்கு

முற்றத்தை பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடாதீர்கள். வெளிச்சம் வரும், உஷ்ணம் வெளியே போகாது. வீடு இட்லிப் பானை ஆகிவிடும். மூடியே ஆக வேண்டுமென்றால் ஷீட்டைத் தளத்திலிருந்து ஒன்றரை அடி தூக்கி நிறுத்தி, சுற்றிலும் காற்று போக வழி விடுங்கள். பக்கவாட்டில் கொசுவலை அடித்துவிடலாம்.

முற்றத்துத் தரையை ஹாலைவிட அரையடியாவது இறக்குங்கள். ஒரு மூலைக்குச் சரிவு, பெரிய குழாய். மழை நாளில் அடைத்துக்கொண்டால் ஹாலில் தெப்போற்சவம்தான். அந்தத் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால், அரை கிரவுண்டு மனையில் மட்டும் விழுவது ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல். சுற்றிலும் சிமென்ட் போட்டு அத்தனையையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரலில் லாரித் தண்ணீருக்கு ஃபோன் பண்ணுகிறோம்.

இன்னொரு சூட்சுமம். சென்னையில் டிசம்பர் நண்பகலில், தெற்குப் பக்கத்துப் பத்தடிச் சுவரின் நிழல் ஏழடிக்கு மேல் விழும். எட்டடி முற்றத்தில் அப்புறம் வெயிலுக்கு என்ன மிச்சம்? வடக்கு ஓரம் மட்டும்தான். ஆகவே துளசி மாதிரி வெயில் கேட்கிற செடி வடக்கு ஓரத்தில். நிழலில் வாழ்கிற பெரணி, மணி பிளான்ட், வெற்றிலைக் கொடி எல்லாம் தெற்கு ஓரத்தில். மேலே மாடி எழுப்புகிறவர்கள் முற்றத்துச் சுவருக்கு வெள்ளை அடியுங்கள். சுவர் உயர உயர அடியில் வெளிச்சம் குறையும். வெள்ளைச் சுவர் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே கொண்டுவரும்.

பச்சை விஷயம்

செடி அழகுக்கு மட்டும் இல்லை. இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிற அதே தத்துவம். சிமென்ட் தரைக்கு மேலிருந்து வருகிற காற்றுக்கும் செடிகளுக்கு நடுவே வருகிற காற்றுக்கும் வித்தியாசம் முகத்தில் தெரியும்.

மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டு, கொடி ஏற்றினோம். முதலில் அவரை, பிறகு மல்லிகை. சுவருக்கும் கொடிக்கும் நடுவே காற்று ஓடுவதால் சுவர் கொதிப்பதில்லை. கொடி படரும் வரை மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். பாத்ரூம் தண்ணீர் போகிற இடத்தில் கல்வாழையும் வாழையும். அரை கிரவுண்டில் ஆலமரத்துக்கு ஆசைப்படக் கூடாது. அரசும் ஆலும் சுவரைப் பிளந்துவிடும். வேம்புகூட அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். முருங்கைக் கிளை லேசான காற்றுக்கே முறியும், கம்பளிப்பூச்சி உபயம் வேறு. கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, பவழமல்லி, நந்தியாவட்டை இவை நம் பட்ஜெட் மரங்கள். தெரு ஓரத்தில் ஒரு புங்கன் வைத்தால் உங்களுக்கும் நிழல், உங்கள் ஸ்கூட்டருக்கும் நிழல்.

‘கொசு?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. கொசு செடியில் முட்டையிடுவதில்லை, தேங்கிய தண்ணீரில் இடுகிறது. டெங்குக் கொசு பகலில் கடிக்கிற ஜாதி. தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தேங்கும் தண்ணீரே அதற்குப் போதும். வாரம் ஒரு நாள் எல்லாத் தட்டையும் கவிழ்த்துவிடுங்கள். இந்த இலாகா எங்கள் வீட்டில் அப்பாவிடம். ஞாயிற்றுக்கிழமை காலை தணிக்கை அதிகாரி மாதிரி வலம் வருவார். ‘வானத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே’ என்று கேட்ட அதே அப்பா, வருகிற விருந்தாளிகளை முதலில் கூட்டிப் போவது முற்றத்துக்குத்தான். ஐடியா யாருடையது என்று அவர்கள் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு

‘எல்லாம் சரி, எனக்கு ரெண்டாவது மாடியில் வாடகை வீடு. எந்தக் கூரையை வெட்டறது?’ என்கிற நண்பர்களே, உங்களுக்கும் வழி உண்டு.

ஒன்று: சீலிங்குக்கும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கும் வெள்ளை. அடர் நீலம், சாக்லேட் கலரெல்லாம் சினிமா செட்டுக்கு.

இரண்டு: ஜன்னலின் மேல் பாதியை மறைத்துக்கொண்டு பீரோவோ பரணோ சூட்கேஸோ இருந்தால் நகர்த்துங்கள். உள்ளே ஆழமாக வெளிச்சம் கொண்டுவருவது அந்த மேல் பாதிதான்.

மூன்று: மேற்கு ஜன்னலுக்குத் திரையை உள்ளே போடுவதைவிட வெளியே தட்டி தொங்கவிடுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட உஷ்ணத்தைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது.

நான்கு: பால்கனியை அலுமினியம் போட்டு அடைத்து ரூமாக்காதீர்கள். நாலு தொட்டி வையுங்கள். கறிவேப்பிலைக்குக் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டாம்.

ஃப்ளாட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விற்பவர்கள் உங்களைச் சாயங்காலம் கூட்டிப் போவார்கள். எல்லா லைட்டும் எரியும், வீடு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அசந்துவிடாதீர்கள். பகல் பதினொரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை போங்கள். கையில் செய்தித்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறையிலும் நடுவில் நின்று சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். சமையல்கட்டில் கட்டாயம் படியுங்கள், அங்கேதான் வீட்டில் ஒருவர் தினம் அஞ்சு மணி நேரம் நிற்கப் போகிறார். முடிந்தால் அவரையே அழைத்துப் போய்ப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியவில்லையா? அட்வான்ஸ் செக்கைப் பையிலேயே வைத்துக்கொண்டு, “யோசிச்சு ஃபோன் பண்றேன் ஸார்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.